சியாட்டில் மகனுக்காக வாங்கிய 'சால்மன்' வெள்ளையாக இருக்கிறதே?

அக்கா, விடுமுறைக்கு வரும் மகன் அமெரிக்காவின் சியாட்டிலில் சாப்பிட்ட சினூக் சால்மனைக் கேட்டதால், மதுரையில் 'சால்மன்' என்று விற்றதை வாங்கினேன், சதை வெள்ளையாக இருக்கிறது, ஏமாந்துவிட்டேனா என்று எழுதியிருந்தீர்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் நம் காலா மீன். ஆங்கிலத்தில் அதை இந்திய சால்மன் என்பார்கள். பெயரில் மட்டும்தான் உறவு.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சினூக்கிலும் பிறவியிலேயே வெள்ளைச் சதை கொண்டவை உண்டு. இரையிலுள்ள செந்நிறப் பொருள் அவற்றின் தசையில் சேராது. முழு மீன் என்றால் முதுகைப் பாருங்கள். சால்மன் குடும்பத்து மீனுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னஞ்சிறு கொழுப்புத் துடுப்பு இருக்கும். காலாவுக்கு அது கிடையாது. அதன் மார்புத் துடுப்பின் கீழே மீசைபோல் நான்கு இழைகள் தொங்கும். சினூக்கின் கீழ்த்தாடை ஈறு கறுப்பாக இருக்கும்.

பசிபிக் சால்மன்களில் மிகப் பெரியது சினூக். அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் 1985இல் தூண்டிலில் சிக்கியது 44 கிலோ! சினூக் நம் கடலில் கிடையாது, மதுரை கரிமேடு மீன் சந்தையில் தேடி அலைய வேண்டாம்.

காலாவைப் புளிக்குழம்பு வையுங்கள். கரிமேட்டில் வாங்கிப் பல வருடங்களாகச் சமைக்கிறேன், சதை உடையாது. சியாட்டிலில் மகனுக்கு அந்தக் குழம்பு கிடைக்காது அக்கா.