ஆன்டிவைரஸ் அழித்தும் வான்னாக்ரை திரும்ப வருவது ஏன்

அண்ணாச்சி, செங்கோட்டை வீட்டில் ஒரே ரவுட்டரில் இரண்டு விண்டோஸ் 7, புனலூரிலிருந்து கொண்டு வந்ததில் வான்னாக்ரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்), ஆன்டிவைரஸ் அழித்தாலும் திரும்ப வருகிறது என்கிறீர்கள். மற்றதைக் காப்பாற்றிவிடலாம், பதறாதீர்கள்.

முதல் வேலை, இரண்டிலும் லேன் வயரைப் பிடுங்குங்கள். யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஃபைல், பிரின்டர் ஷேரிங்குக்கான 445ஆம் போர்ட் (நெட்வொர்க் வாசல்) வழியாக, விண்டோஸில் உள்ள ஓட்டையில் நுழைந்து பரவும் புழு இது. அந்த ஓட்டையை அடைக்காமல் ஆன்டிவைரஸ் மட்டும் ஓட்டினால் வரத்தான் செய்யும்.

நல்ல கணினியில் விண்டோஸ் ஃபயர்வால், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், இன்பவுண்ட் ரூல்ஸ், நியூ ரூல் போங்கள். போர்ட், டிசிபி, 445 கொடுத்து பிளாக் செய்து, மூன்று புரொஃபைலிலும் டிக் வையுங்கள். அதில் ஷேர் செய்த பிரின்டர் அடுத்த கணினிக்கு வராது, போகட்டும். பிறகு இதை மட்டும் இணைத்து, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாகில் 2017 மார்ச்சில் வந்த, அந்த ஓட்டையை அடைக்கும் கேபி4012212 என்ற பேட்சை எடுத்துப் போடுங்கள். சர்வீஸ் பேக் 1 இல்லாவிட்டாலோ, 32 பிட்டுக்கு 64 பிட் எடுத்தாலோ 'நாட் அப்ளிகபிள்' என்று நின்றுவிடும். போட்டதும் ரீஸ்டார்ட் அவசியம்.

புனலூர் கணினியில் பூட்டிய ஃபைல்களைத் தனி டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு ஃபார்மட் செய்யுங்கள். பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள். புதிதாக விண்டோஸ் ஏற்றியதும் பேட்சைப் போட்ட பிறகே வயரைச் செருகுங்கள்.