இந்தியனா ஸ்ரீலங்கனா? மரவள்ளித் தேமலுக்கு ரெண்டு லேப் ரெண்டு பேர் சொன்னா என்ன செய்யறது

தலைவாசல் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: "குச்சிக்கிழங்கு மூணு மாசப் பயிருங்க, இலையெல்லாம் மஞ்சத் தேமல். ஒரு லேப்ல இந்தியன் கசாவா மொசைக் வைரஸ்ங்கறான், இன்னொரு லேப்ல ஸ்ரீலங்கன்ங்கறான். எதுக்கு எந்த மருந்து அடிக்கறது? பக்கத்து வரப்புல தக்காளி இருக்கு, அதுக்கும் தொத்துமா?"

அண்ணே, மருந்துக்கடைக்கு வண்டிய எடுக்காதீங்க, ரெண்டுக்குமே மருந்து கிடையாது. ரெண்டு லேப்பும் சரியாவே சொல்லியிருக்கலாம், ஒரே வயல்ல ஏன் ஒரே செடியிலயே ரெண்டு வைரஸும் சேந்து இருக்கறது உண்டு.

ரெண்டும் பெகோமோவைரஸ் ஜாதி, வெள்ளை ஈ தான் சுமந்துட்டு வரும். உள்ள ஏ, பினு ரெண்டு டிஎன்ஏ வளையம், ஒவ்வொண்ணுலயும் சுமார் 2700 மரபு எழுத்து. அந்த ஏ வளையத்த படிச்சு ஒப்பிட்டுப் பாத்து, நூத்துக்கு 91 எழுத்தாவது ஒத்துப்போனா ஒரே இனம், அதுக்குக் கீழ போனா வேற இனம்னு வச்சிருக்காங்க, இலையில விழற தேமல வச்சு இல்ல. இதுல ஒரு கூத்து, ஸ்ரீலங்கன் வைரஸ் அதோட பி வளையத்த இந்தியன் கிட்ட இருந்து சுட்டிருக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, அப்புறம் எங்க நம்ம கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். பேர வச்சும் எதுவும் முடிவு பண்ண முடியாது. வெள்ளரி மொசைக் வைரஸ்னு ஒண்ணு இருக்கு, பேருதான் வெள்ளரி, ஆயிரத்துக்கும் மேல செடி வகையில ஏறும், வாழை, மிளகு எதையும் விடாது, ஏற்காட்டுல மிளகுக்கொடி வச்சிருக்கறவங்க இத ஞாபகம் வச்சுக்கங்க.

மரவள்ளி வைரஸ் அந்தளவுக்கு ஊர் சுத்தாது. தக்காளி இலைச்சுருளுக்கும் அதே வெள்ளை ஈ தான் வாகனம், ஆனா உள்ள உக்காந்து வர்ற வைரஸ் வேற, அதனால தக்காளி சுருண்டா பழிய குச்சிக்கிழங்கு மேல போடாதீங்க. வேலியில காட்டாமணக்கு இருந்தா மட்டும் ஒரு கண்ணு வைங்க, மரவள்ளிக்கு அது பங்காளி, இந்த வகை வைரஸ அதுலயும் பாத்திருக்காங்க.

நீங்க பாக்க வேண்டியது பேர இல்ல, தேமல் எங்க ஆரம்பிச்சிருக்குன்னு. காலையில வயல்ல இறங்கி ஒரு செடிய அடியில இருந்து நுனி வரைக்கும் பாருங்க. அடி இலையில இருந்தே மஞ்சளும் பச்சையுமா கோணிக்கிட்டு ஒரு பக்கம் சிறுத்து இருந்தா, நோய் நீங்க நட்ட கரணையிலயே, அதாவது நடற குச்சித் துண்டுலயே வந்துருச்சு, கிழங்கு நல்லா அடிவாங்கும். அடி இலை சுத்தமா இருந்து மேல மட்டும் தேமல்னா ஈ கொண்டு வந்தது, பயிர் வளந்தப்புறம் வந்ததால நஷ்டம் கம்மி. நுனி மட்டும் கொத்தா சுருங்கி வெள்ளையா மாவு ஒட்டியிருந்தா அது மாவுப்பூச்சி, அந்தக் கதையே வேற.

நம்மூர்ல முக்காவாசி பரவறது குச்சி வழியாத்தான்னு நான் சொல்வேன். முள்ளுவாடி ரகத்துல நல்ல பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) வருதுன்னு கிழங்கு மில்லுல யாரோ சொல்ல, எந்தக் காட்டுல இருந்தோ கட்டுக்கட்டா வாங்கிட்டு வந்து நடறோம், இலை உதுந்த குச்சியில தேமல் எங்க தெரியும்? அடுத்த வாட்டி கரணைய நேரா வயல்ல வைக்காம ஒரு சின்ன பாத்தியில நெருக்கி வச்சு மூணு நாலு வாரம் பாருங்க, தேமலோட முளைக்கறத பிடுங்கி எறிஞ்சிட்டு மிச்சத்த நடுங்க. ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு கிட்டத்தான், தேமல் தாங்கற ரகம் கேட்டுப் பாருங்க.

இப்ப நிக்கற பயிர்ல அடியில இருந்தே தேமல் அடிச்ச செடிக்கு சிவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க. அறுவடையப்போ அந்தச் செடிங்க குச்சிய எரிச்சிருங்க, சொந்த மச்சான் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க.