இலவச டிக்கெட்டும் காலி நாற்காலிகளும்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது சின்ன நாடகக் குழு. கூலி பாக்கி, ஒப்பந்த வேலை, வேலையிடத்து விபத்து என்று உழைக்கிறவர்களின் பிரச்சினைகளைத்தான் மேடையேற்றுகிறோம். டிக்கெட் விலையைக் குறைத்துப் பார்த்தோம், கடைசியில் இலவசமாகவே விட்டோம். அப்படியும் வழக்கமாக நாடகம் பார்க்கிறவர்கள்தான் வருகிறார்கள். தொழிலாளர்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று குழுவிலேயே சிலர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். உண்மைதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த வசதிக்காகவே எனக்கு அந்தப் பேச்சின் மேல் சந்தேகம்.

டிக்கெட் விலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நாடகம் எங்கே, எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை. ஷிப்ட் முடிந்து களைத்து வருகிறவர் ஊர் நடுவிலுள்ள அரங்குக்குப் போக வேண்டுமென்றால் ஓவர்டைமை விட வேண்டும், பிள்ளையை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவில் டிக்கெட் ஒரு செலவே இல்லை.

டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் என்ற வீதி நாடகக் குழு 1978இல் போட்ட ‘மெஷின்’ சுமார் 13 நிமிட நாடகம். ஓர் ஆலையில் தொழிலாளர்கள் சைக்கிள் நிறுத்த இடமும் ஒரு கேன்டீனும் கேட்டார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அதிலிருந்து பிறந்த நாடகம் இது. நடிகர்களே உடம்பைக் கோத்து இயந்திரமாக நிற்பார்கள். செட் வேண்டாம், விளக்கு வேண்டாம், ஆலை வாசலே போதும். நின்றுகொண்டு பார்க்கிறவருக்கு அந்தப் 13 நிமிடம்தான் கட்டுப்படியாகும்.

இலவசம் என்பதிலும் எனக்கு முழுச் சம்மதமில்லை. கொடுக்கிறவர் ஒருவர், வாங்கிக்கொள்கிறவர் ஒருவர் என்று ஆகிவிடுகிறது. பெர்லினில் 1890இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ‘ஃப்ரையே ஃபோக்ஸ்ப்யூனே’ என்ற நாடகச் சங்கத்தில் உறுப்பினர் எல்லாருக்கும் ஒரே கட்டணம், யாருக்கு எந்த இருக்கை என்பது குலுக்கலில். காசு உள்ளவருக்கு முன்வரிசை என்ற பேச்சே கிடையாது. (உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நடத்தியதால் போலீஸ் தணிக்கையிலிருந்தும் கொஞ்ச காலம் தப்பித்தார்கள். கெட்டிக்காரர்கள்.) சின்னத் தொகையானாலும் சந்தா கட்டியவர், அடுத்து என்ன நாடகம் என்று அதட்டிக் கேட்கலாம். தொடர்ந்து சந்தா கட்ட முடியாதவர்கள் என்றால், நாடகம் முடிந்ததும் துண்டேந்துங்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கூலி பாக்கியைப் பற்றி, கூலி பாக்கி உள்ளவருக்கு நீங்கள் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறீர்கள்? அது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். சூப்பர்வைசர் எப்படிப் பேசுவான் என்பதும் தெரியும், நீங்கள் அதைத் தப்பாக எழுதியிருந்தால் முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கென்யாவின் கமிரீத்து கிராமத்தில் 1977இல் இந்தச் சிக்கலை ஒத்திகையிலேயே தீர்த்தார்கள். நாடகத்தை எழுதியவர்கள் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரியும், ஊர்க்காரர்கள் பேசும் கிகூயு மொழியில். திறந்தவெளி அரங்கை ஊராரே கட்டினார்கள், விவசாயிகளும் தொழிலாளர்களும் நடித்தார்கள். ஒத்திகையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், குறுக்கே பேசலாம். வயதான பாத்திரத்துக்கு எழுதிய வசனத்தைக் கேட்டுவிட்டு, படித்தவர்களுக்குக் கிழவன் பேச்சுகூடத் தெரியாதா என்று ஊரார் பிடித்துக்கொண்டார்களாம். சடங்குக் காட்சியையும் அவர்களே திருத்தினார்கள். நாடகம் அரங்கேறியபோது அது ஏற்கெனவே அவர்களுடையதாகிவிட்டது. சில வாரங்களில் அரசு அனுமதியை ரத்து செய்தது, தியாங்கோவை விசாரணையின்றிச் சிறையில் வைத்தது, 1982இல் அரங்கையே இடித்துத் தள்ளியது. யாரும் வராத நாடகத்துக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஆகவே அடுத்த நாடகத்தை எழுதி முடிக்காதீர்கள். பாதியில் இருக்கும்போதே, அவர்களுக்கு வார விடுமுறை என்றைக்கு என்று விசாரித்து, அவர்கள் குடியிருக்கும் பகுதியில் போய்ப் படித்துக் காட்டுங்கள். சிரிக்கிற இடங்களையும் நெளிகிற இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இது தப்பு’ என்று யாராவது எழுந்து சொன்னால் அவரையே நடிக்கக் கூப்பிடுங்கள்.