கேள்வி-பதில்: பவளத் தொட்டிக்கு வண்ண மீன்கள்

கேள்வி: முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். 'ராயல் கிராமா, பரம சாது' என்று சொல்லிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் என் ஃபயர்ஃபிஷ் இரண்டையும் விரட்டி விரட்டித் தொட்டிக்கு வெளியே குதிக்க வைத்துவிட்டது.

பதில்: கிராமா சாதுதான். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ராயல் டாட்டிபேக். நிறம் ஒன்று, குணம் வேறு. கிராமாவின் உடலில் ஊதா நிறம் புள்ளி புள்ளியாகக் கரைந்து மஞ்சளோடு கலக்கும். முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கரும்பொட்டு இருக்கும். டாட்டிபேக்கில் இரண்டு நிறமும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்கும். பொட்டு கிடையாது, துடுப்புகள் கண்ணாடி போலத் தெரியும். இதில் உங்கள் தவறு ஏதுமில்லை. மீன் விற்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் படம் எடுத்துக்கொண்டு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். பிடிப்பதற்காகப் பாறைகளைக் கலைக்க வேண்டாம். ஒருநாள் தீனி போடாமல் விட்டு, உள்ளே இறால் துண்டு வைத்த கண்ணாடிப் பொறியை இறக்குங்கள். அடுத்த ஃபயர்ஃபிஷ் வாங்கும் முன் தொட்டியின் மேல் 6 மி.மீ. கண்ணுள்ள வலை போட்டுவிடுங்கள். விரட்ட ஆளில்லாவிட்டாலும் அது குதிக்கும்.

கேள்வி: புதுத் தொட்டியில் இரண்டு நீல டாம்செல் மீன் விட்டால் தண்ணீர் சீக்கிரம் பதமாகும் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகும்) என்கிறார் கடைக்காரர்.

பதில்: தண்ணீரைப் பதமாக்க அம்மோனியம் குளோரைடு கரைசல் போதும், டாம்செல் விட்டால், பின்னால் வரும் மீன்களுக்கெல்லாம் ஒரு ரவுடியை முன்கூட்டியே குடிவைத்தவர் ஆவீர்கள்.

கேள்வி: 'ரீஃப் சேஃப்' என்று அட்டையில் எழுதியிருந்ததை நம்பி லயன்ஃபிஷ் வாங்கினேன். க்ளீனர் இறால் மூன்றையும் காணோம். கடைக்காரர் ஏமாற்றினாரா?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை, முழுதும் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தைக்கு 'பவளத்தைக் கடிக்காது' என்பது மட்டுமே பொருள். லயன்ஃபிஷ் பவளத்தைத் தொடாது. வாயில் அடங்குகிற மற்ற எதையும் விடாது. இந்த அட்டையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். மாண்டரின் மீன் மீதும் இதையே ஒட்டுகிறார்கள். பவளத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லைதான். ஆனால் அது நாள் முழுக்கப் பாறையில் கோப்பிபாட் என்ற மிகச்சிறு ஓட்டுடலியைக் கொத்தித் தின்று பிழைப்பது. உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியேறிய பாறை) நிறைந்து, ஓராண்டாவது ஓடிய தொட்டி இல்லையென்றால் கண்ணெதிரே வயிறு ஒட்டிச் சாகும். அதில் காசைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். எவ்வளவு வளரும் என்பதையும் அந்த அட்டை சொல்லாது: ப்ளூ டாங் கடையில் 5 செ.மீ. குட்டி, வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும். வெள்ளையில் கரும்பொட்டு வைத்த பேந்தர் குரூப்பர் குட்டி இன்னும் மோசம், 70 செ.மீ. வரை வளரக்கூடியது. கோரல் பியூட்டி ஏஞ்சலில் ஒன்று பவளத்தைச் சீண்டவே சீண்டாது, அதே இனத்தில் இன்னொன்று கொத்திக்கொண்டே இருக்கும். அதற்கு எந்தக் கடையும் உத்தரவாதம் தர முடியாது. அட்டையில் இருக்க வேண்டியவை மூன்று: அறிவியல் பெயர், வளர்ந்த நீளம், என்ன தின்னும். இல்லையென்றால் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: 120 லிட்டர் தொட்டி, மூன்று வாரம் ஆகிறது. ஒரே நாளில் எல்லோ டாங், ப்ளூ டாங், டொமினோ டாம்செல் இரண்டு, க்ளவுன்ஃபிஷ் மூன்று விட்டேன். நான்கு செத்துவிட்டன. உப்பு பிராண்டை மாற்றவா?

பதில்: உப்பின் மேல் ஏன் பழி? கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா, கிடைக்கிற அம்மோனியாவுக்கு ஏற்றபடிதான் பெருகும். ஏழு மீனின் கழிவை ஒரே நாளில் அதன் தலையில் கட்டினால் என்ன செய்யும்? அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் இன்றே அளந்து, பூஜ்யம் இல்லையென்றால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். டாங் ஏதாவது பிழைத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். எப்படியும் அந்தத் தொட்டியில் அதற்கு நீந்த இடமில்லை.

கேள்வி: க்ளவுன்ஃபிஷுக்காகப் பளிச்சென்ற மஞ்சள் அனிமோன் (கடல் சாமந்தி) வாங்கினேன். நிறம் வெளுத்துக்கொண்டே வருகிறது. என் பராமரிப்பில் குறையா?

பதில்: இல்லை. அந்த மஞ்சள் பெரும்பாலும் ஏற்றிய சாயம். உடலுக்குள் வாழும் பாசியை இழந்து வெளுத்துப்போன அனிமோனைச் சாயத்தில் முக்கி விற்பது பழைய மோசடி. உங்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது, அனிமோனை நினைத்தால் அதைவிட. விளக்கின் அளவை வாரா வாரம் கொஞ்சமாக ஏற்றி, வாரம் இரண்டு முறை மிளகளவு இறால் துண்டு கொடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் திரும்பினால் பிழைத்தது என்று அர்த்தம். க்ளவுன்ஃபிஷுக்கு அனிமோன் இல்லாமலே வாழ்க்கை நடக்கும்.

கேள்வி: கூரியரில் 30 மணி நேரம் பயணம் செய்து வந்த மீன். பையைத் திறந்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டேன். அப்படியும் செத்தது.

பதில்: அந்த இரண்டு மணி நேரம்தான் கொன்றிருக்கும். மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கிக் கிடக்கும். அதனால் சேர்ந்த அம்மோனியா அவ்வளவாக நஞ்சாகாது. திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அம்மோனியா நஞ்சாகிவிடும். தூரத்திலிருந்து வரும் மீனைத் திறக்காத பையோடு 20 நிமிடம் மிதக்க விட்டு, திறந்தவுடன் உப்பளவு பார்த்து, அதே அளவுக்குச் சரிசெய்த தனித் தொட்டிக்குக் கையோடு மாற்றுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

கேள்வி: 200 லிட்டர், நான்கு மாதம் ஓடிய தொட்டி, மென்பவளங்கள் உண்டு. எந்த மீன், எந்த வரிசையில்?

பதில்: இப்படி முதலில் கேட்டுவிட்டு வாங்குபவர் அபூர்வம். முதலில் கூச்ச சுபாவிகள்: ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு எல்லோ வாட்ச்மேன் கோபி. அடுத்து டெயில்ஸ்பாட் பிளென்னி ஒன்று. பிறகு கிராமா ஒன்று (பொட்டு பார்த்து). கடைசியில் தொட்டியில் பிறந்த ஒசெல்லாரிஸ் க்ளவுன்ஃபிஷ் ஜோடி. இரண்டும் குட்டியாக, ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கட்டும். பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாக நிற்கும். வளர்ந்த இரண்டை வாங்கினால் இரண்டும் பெண்ணாக இருந்து அடித்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் கடையில் உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். தின்றால் மட்டும் வாங்கி, நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். வெண்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை அங்கேயே கொடுக்கலாம். பவளத் தொட்டியில் அதே மருந்தை ஊற்றினால் பவளமும் இறாலும் மிஞ்சாது.