ஆளுக்கொரு புத்தகம் படித்துவிட்டு வந்து பேசும் கூட்டம் வேலூரில் நிலைக்குமா? எப்படி நடத்துவது?

கேள்வியின் சாரம் இது. வேலூரில் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படிப்பதில்லை. ஒருவர் வரலாறு, ஒருவர் கவிதை, ஒருவர் வங்காள நாவல், ஒருவர் சமையல் குறிப்பு. மூன்றாவது மாதத்திலேயே ஆள் குறைகிறது. ஏன், என்ன செய்யலாம்?

நிலைக்கும். ஆள் குறைவதற்கு வெயிலும் பஸ்ஸும் ஓரளவு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன். முதல் காரணம் கதைச் சுருக்கம். ஒரே புத்தகத்தை எல்லோரும் படித்திருந்தால் "அந்த இடத்தில் அவள் ஏன் பேசாமல் இருந்தாள்?" என்று எவர் வேண்டுமானாலும் மறித்துக் கேட்கலாம். ஆளுக்கொரு புத்தகம் என்றால் கையில் சரக்கு இருப்பது பேசுகிறவரிடம் மட்டும்தான். கேட்பவர் மறுக்கவும் முடியாது, ஒத்துக்கொள்ளவும் முடியாது. இருபது நிமிஷம் கதையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார். கடைசியில் யாராவது ஒருவர் வாய்விட்டே கேட்டுவிடுவார்: "இன்னா சார், கதைய முழுசா சொல்லிட்டீங்க, இனிமே எதுக்கு சார் படிக்கணும்?" நியாயமான கேள்வி.

இதற்கு மருந்து ஒன்றுதான். கதையைச் சொல்லாமல் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்த அந்த நிமிஷத்திலிருந்து அறையில் இருக்கும் எல்லோரும் அந்த ஒரு பக்கத்தைப் படித்தவர்கள். "நீங்கள் நல்ல நடை என்கிறீர்கள், எனக்கு இழுவையாகப் படுகிறது" என்று சொல்ல அவர்களுக்கும் உரிமை வந்துவிடும். கருத்துப் பகிர்வு அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 10 நிமிஷம்: பேச 6, மற்றவர்கள் கேள்வி கேட்க 4. பன்னிரண்டு பேரும் பேசினால் இரண்டு மணி நேரம், யாருக்கும் காது நிற்காது. ஒரு கூட்டத்துக்கு எட்டு பேர் போதும், 80 நிமிஷம். மீதி நால்வர் கேட்பவர்கள். அடுத்த மாதம் அவர்கள்தான் முதலில். டீக்குக் கால் மணி நேரம். காலை 10 மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டுக்குள் பஸ் ஸ்டாண்டில் இருக்கலாம்.

அந்த 6 நிமிஷத்தில் முதல் நிமிஷம் புத்தகத்தின் அடையாளம்: பெயர், எழுதியவர், எத்தனை பக்கம், என்ன விலை, எங்கே கிடைக்கும். மொழிபெயர்ப்பு என்றால் மூல மொழியும் மொழிபெயர்த்தவர் பெயரும் கட்டாயம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் படித்த ஒவ்வொரு வாக்கியமும் மொழிபெயர்த்தவர் எழுதியது. அவர் பெயரைச் சொல்லாமல் "நடை அருமை" என்றால் யாருடைய நடை? அடுத்த இரண்டரை நிமிஷம் வாசிப்பு. டெமி அளவுப் புத்தகத்தில் (வழக்கமான நாவல் அளவு) ஒரு பக்கத்தை நிதானமாக வாசிக்க 2 முதல் 3 நிமிஷம் ஆகும், ஆகவே ஒரு பக்கம்தான், அதற்கு மேல் இல்லை. மீதி இரண்டரை நிமிஷம் அபிப்பிராயம்.

எந்தப் பக்கம் என்பதில்தான் பாதி வேலை. முதல் பக்கம் வேண்டாம், அதைக் கடையில் நின்றே புரட்டிவிடலாம். கடைசி மூன்றில் ஒரு பங்கும் வேண்டாம், முடிவு கசிந்துவிடும். புத்தகத்தின் கால் பங்குக்கும் பாதிக்கும் நடுவில், இரண்டு பேர் பேசிக்கொள்கிற அல்லது ஒருவர் ஏதோ வேலை செய்கிற இடமாகத் தேடுங்கள். மூன்றுக்கு மேல் ஆட்களின் பெயர் வந்தால் கேட்பவருக்குக் குழம்பும். தேவையில்லாத ஒரு பெயர் நடுவில் வந்தால் அந்த வரியை விட்டுவிட்டுத் தாண்டலாம், தப்பில்லை; தாண்டியதைச் சொல்லிவிட வேண்டும். பென்சிலால் தொடக்கமும் முடிவும் குறித்துக்கொண்டு, முந்தின நாள் வீட்டில் செல்போனில் நேரம் வைத்து ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள். கண்ணுக்கு ஓடிய வாக்கியம் நாக்கில் தடுக்கும். தடுக்கிற இடமே நடையைப் பற்றிய ஒரு கருத்து.

பக்கத்தைக் கடைசி நாளில் தேடினால் கிடைக்காது. ஒரு ஏ4 தாளை நாலாக மடித்து அதையே பக்க அடையாளமாக வையுங்கள். படிக்கும்போது நின்ற இடத்தில் பக்க எண்ணும் நாலு சொல்லும் மட்டும் எழுதுங்கள். முடிக்கும்போது பத்துப் பதினைந்து குறிப்பு சேர்ந்திருக்கும், அதில் ஒன்றை எடுத்தால் போதும். நூலகப் புத்தகத்தில் கோடு போடும் பழக்கம் உள்ளவர்களையும் இந்தத் தாள் திருத்திவிடும்.

இப்போது ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்ப்போம். மு.வரதராசன் பழைய வட ஆர்க்காடு மண்ணின் மனிதர். அவருடைய 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கதையில் வாலாசா (வாலாஜாபேட்டை) வருகிறது. வேலூர்க் கூட்டத்தில் இந்தப் புத்தகத்தை எடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? "நம்ம வாலாஜா!" என்று ஒருவர் தொடங்க, இன்னொருவர் பழைய பட்டுக்கடைகளைச் சொல்ல, பத்து நிமிஷமும் ஊர்ப் பெருமையில் போய்விடும். புத்தகம் மேஜை மேல் மூடியே கிடக்கும். இப்படிப் பேசிப் பாருங்கள்: "அழகும் அறிவும் உள்ள சந்திரன், சுமாரான வேலய்யன், இரண்டு நண்பர்கள். சுமாரானவனே கதையைச் சொல்கிறான். அதனால் சந்திரனை நாம் எப்போதும் வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். அவன் மனசுக்குள் என்ன நடந்தது என்பது நமக்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு இது பலமாகவும் பட்டது, குறையாகவும் பட்டது." இதில் கதை மூன்று வரிதான். ஆனால் கேட்பவர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது. மு.வ. இடையிடையே அறிவுரைக்குள் இறங்கிவிடுவார். அப்படி ஒரு பத்தியை வாசித்துக் காட்டுங்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம். பள்ளிக்கூட வயதில் அவரைப் படித்து வளர்ந்தவர்கள் அந்த அறிவுரைக்காகவே படித்தோம் என்பார்கள். சண்டை வரட்டும்.

மொழிபெயர்ப்பில் வேலூருக்கென்றே செய்தது போன்ற நாவல் ஒன்று உண்டு: தாராசங்கர் பந்த்யோபாத்யாய வங்காளத்தில் எழுதி, த.நா.குமாரசாமி தமிழாக்கிய 'ஆரோக்கிய நிகேதனம்'. நாடியைப் பிடித்துப் பார்த்து மரணம் நெருங்கிவிட்டது என்று சொல்லிவிடும் கிழ வைத்தியர், அதைக் கேட்டுக் கொதிக்கும் இளம் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் வட இந்தியக் குடும்பங்கள் பெட்டியோடு காத்திருக்கும் ஊரில் இதை வாசித்தால், அறையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது வார்டு பெஞ்சில் உட்கார்ந்த ஞாபகம் வந்துவிடும். நாடி பார்க்கும் பக்கம் ஒன்றை வாசித்துவிட்டு, "நோயாளியிடம் சொல்லலாமா, கூடாதா?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டாவது நிமிஷமே பேச்சு சித்தாவா, அலோபதியா என்று திரும்பும். நடத்துகிறவர் அப்போது சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே: "நாவல் யார் பக்கம் சாய்கிறது, எந்த இடத்தில்?" புத்தகம் திரும்ப மேஜைக்கு வந்துவிடும்.

வரலாற்று நூலுக்கு அபிப்பிராயம் வேறு மாதிரி. நடை நன்றாக இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம், சொன்னது நிற்கிறதா என்பதே கேள்வி. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடை, கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள், ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி என்று எல்லாம் இருக்கும். மாண்ட சிப்பாய்களின் எண்ணிக்கை மட்டும் நூலுக்கு நூல் மாறும். பேசுகிறவர் அந்த எண்ணை எடுத்து, ஆசிரியர் அதை எங்கிருந்து எடுத்தார் என்று அடிக்குறிப்பில் தேடிச் சொல்ல வேண்டும். குறிப்பே இல்லையா? அதுவே விமர்சனம். தலைப்பாகையை முதல் காரணமாக வைக்கிறாரா, சம்பளமும் மரியாதைக்குறைவும் சேர்கிறதா என்று பார்த்தால் ஆசிரியரின் சாய்வும் தெரிந்துவிடும். கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டம் முடிந்து ஒரு நடை போய் வந்தால் புத்தகத்து வர்ணனை சரியா என்று பார்த்துவிடலாம்.

கவிதைத் தொகுப்பு என்றால் ஒரே ஒரு கவிதை. இரண்டு தடவை வாசிக்க வேண்டும், இரண்டாவது தடவை மெதுவாக. குறுந்தொகையில் 401 பாட்டு உண்டு, பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடி. உரையை முதலில் சொல்லாதீர்கள், பாட்டு காதில் விழட்டும். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த அப்துல் ரகுமானின் கவிதையை எடுத்தாலும் இதே முறைதான். உருதுவிலோ தெலுங்கிலோ படிக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் மூலத்தை அப்படியே வாசிக்கட்டும், பிறகு தமிழில் பொருள் சொல்லட்டும். ஓசை எல்லோருக்கும் புரியும். பேரணாம்பட்டு அழகிய பெரியவனின் கதைகளில் வரும் வட ஆர்க்காட்டுப் பேச்சை இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் வாசித்தால் பாதி விளக்கம் மிச்சம்.

சமையல் புத்தகம் கொண்டு வருகிறவரைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். கறாரான விமர்சனம் வரக்கூடியதே அங்கேதான். ஒரு குறிப்பையாவது செய்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஆம்பூர் பிரியாணி என்று போட்டுவிட்டுப் பாசுமதி அரிசி எழுதியிருந்தால் அங்கேயே மூடிவிடலாம். அது சீரகச் சம்பாவுக்கு உரியது. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது எத்தனை கிராம், ஒரு கிலோ அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு, தம் எத்தனை நிமிஷம் என்று எண் இருக்கிறதா, இல்லை "தேவையான அளவு" என்று தப்பித்திருக்கிறாரா? தேவையான அளவு தெரிந்தவருக்குப் புத்தகமே தேவையில்லையே.

இனி நாளும் இடமும். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் ஆள் வரத்து பழைய வட ஆர்க்காடுதான்: ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர். ஷூ கம்பெனியிலும் தோல் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. ஆனால் ஞாயிறு முகூர்த்தமாக இருந்தால் பாதி வருகை போச்சு, ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள். வைகாசி முதல் நாளை ஒட்டிக் குடியாத்தத்தார் வரமாட்டார்கள், அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஆடிக்கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயில் பக்கம் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. ரம்ஜான் மாதத்தில் சாயங்காலக் கூட்டம் வைத்தால் ஆம்பூர், மேல்விஷாரம் நண்பர்கள் நோன்பு திறக்க வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். கத்திரி வெயிலில் காலை 8 மணிக்கே ஆரம்பித்துவிடுவது மேல்.

கோட்டைப் பூங்காப் புல்தரை செலவில்லாத இடம். ஆனால் வாசிப்பு காதில் விழ வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் திறந்த வெளி உதவாது. நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு அடுத்த மாதம் செல்லாது. அறை கிடைத்தால் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மைக் வேண்டவே வேண்டாம். மைக் வந்தால் "அவையோர்க்கு வணக்கம்" வரும், பின்னாலேயே சிறப்பு விருந்தினரும் சால்வையும் வரும், கூட்டம் விழாவாகிவிடும்.

நடத்துகிறவர் மாதம் ஒருவராக மாறட்டும். அவர் கையில் கடிகாரமும் ஒரு நோட்டும் போதும்: தேதி, பேசியவர், புத்தகம், வாசித்த பக்கம், எழுந்த ஒரு கேள்வி. ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் யார் திரும்பத் திரும்பச் சுயமுன்னேற்ற நூலே எடுக்கிறார், யாருடைய முறை தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் தள்ளிப் போவது பெண்களின் முறை. "நேரமாயிடுச்சு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லி வைப்பதால் வருவது அது. நோட்டில் வரிசை எழுதி வைத்தால் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. வகை கலப்பதற்குத் தடை எதுவும் போடாதீர்கள். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு மாதம் ஒரே வகையைக் கொண்டு வரக்கூடாது என்ற ஒரு விதி போதும்.

எழுதியவர் தன் சொந்தப் புத்தகத்தைத் தானே எடுத்துப் பேசக்கூடாது. வேறொருவர் எடுக்கலாம், அப்போதும் எழுதியவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். இந்த விதியை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் யாரையோ குறிவைத்ததாகிவிடும்.

நன்றாகப் பேசிய புத்தகத்தை அங்கேயே மூன்று பேர் இரவல் கேட்பார்கள். அதே நோட்டின் பின்பக்கத்தில் பெயர், தேதி, திருப்பும் கூட்டம் எழுதாமல் கொடுத்தால் புத்தகம் திரும்பாது. பிடிஎஃப் கேட்பவருக்குக் கடையின் பெயரையும் விலையையும் சொல்லுங்கள், அதற்குத்தான் முதல் நிமிஷத்திலேயே விலையைச் சொல்லச் சொன்னது.