தமிழ்வழியில் படித்தவர் சிஜிஎல் தேர்வின் ஆங்கிலப் பகுதிக்கு எப்படித் தயாராவது?

பன்னிரண்டாவது வரை தமிழ்வழி, கல்லூரியிலும் ஆங்கிலத்தை பாஸ் மார்க்குக்கு மட்டும் படித்தேன், இப்போது எஸ்எஸ்சி சிஜிஎல் (மத்திய அரசு வேலைகளுக்குப் பணியாளர் தேர்வு ஆணையம் நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு) எழுதப்போகிறேன், இலக்கணம், ஐடியம், வொக்காபுலரி இவற்றில் எதிலிருந்து தொடங்குவது, ஆறு மாதம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே கேஸ்தான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. முதல் தடவை டயர் 1, அதாவது முதல் கட்டத் தேர்வு, எழுதியபோது ஆங்கிலத்தில் 25 கேள்விக்கும் எதையாவது தட்டிவிட்டு வந்தேன். 11 சரி, 14 தப்பு. சரிக்கு 2 மார்க், தப்புக்கு அரை மார்க் கழிவு. 22-ல் 7 போனால் 15. ஐம்பதுக்குப் பதினைந்து.

அப்புறம் வழக்கம்போல ஒரு தடிமனான கிராமர் புத்தகம் வாங்கி, முதல் பாடமான நவுனில் தொடங்கினேன். டென்ஸுக்கு வந்து சேர்வதற்குள் நவுன் மறந்துவிட்டது. இரண்டு மாதம் வீண். உங்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள்.

திருப்பம் டீக்கடையில் வந்தது. தேர்வு முடிந்ததும் ஆணையம் விடைக்குறிப்போடு நாம் தட்டிய விடைகளையும் இணையத்தில் காட்டும் அல்லவா, அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். கூடப் படித்த நண்பன் என்னுடைய தப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாப்ள, நீ இங்கிலீஷ்ல தப்பா யோசிக்கல. தமிழ்ல சரியா யோசிச்சிருக்க."

உண்மைதான். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்றே பழகிய காதுக்கு 'டிஸ்கஸ்டு அபவுட்' சரியாகத்தான் கேட்கும். ஆனால் அந்த அபவுட் வரக்கூடாது. ஒப்பிட்டுப் பேச நமக்கு எல்லா இடத்துக்கும் ஒரே 'விட' போதும். அதனால் சுப்பீரியர், ஜூனியர், ப்ரிஃபர் இவற்றுக்குப் பின்னாலும் 'தேன்' (than) போட்டுவிடுகிறோம். அங்கே 'டு' வர வேண்டும். தகவல்கள், அறிவுரைகள் என்று தாராளமாகப் பன்மை போடுகிறவர்கள் நாம், ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷனுக்கும் அட்வைஸுக்கும் கடைசியில் எஸ் கிடையாது. 'மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்பதை அப்படியே மாற்றினால் 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று வரும். வேண்டியது 'ஹேவ் பீன்', 'ஃபார்'. 'திரும்பி வந்தான்' என்பதுதான் 'ரிட்டர்ன்டு பேக்' ஆகிறது, அந்த பேக் வேண்டாம். எரர் கண்டுபிடிக்கும் கேள்விகளில் என் காலை இடறிவிட்டவை பெரும்பாலும் இந்த இடங்கள்தான்.

அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கம் மனசில் ஓடிய தமிழ் வாக்கியம், வலது பக்கம் சரியான ஆங்கிலம். தினம் ஒரு பழைய வினாத்தாளின் ஆங்கிலப் பகுதியை மட்டும் போட்டுப் பார்ப்பேன். தப்பானது நோட்டுக்குப் போகும், சரியானதைத் திரும்பியே பார்க்க மாட்டேன். ஒரு மாதத்தில் புதிதாக எழுத அதிகம் இல்லை, பழைய தப்புகளே சுற்றிச் சுற்றி வந்தன. கிராமர் புத்தகத்தை அதற்கு அப்புறம்தான் மறுபடி எடுத்தேன், அதுவும் அந்தத் தப்புக்கான பாடத்தை மட்டும் பார்க்க.

ஐடியம், அதாவது மரபுத்தொடர்தான் இருப்பதிலேயே சுவாரசியமான பகுதி. நம்மிடம் பாதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பது அவர்களிடம் இரண்டு பறவை. 'வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்' என்பது அப்படியே நம் கைகழுவுதல். 'கேரி கோல்ஸ் டு நியூகாசில்' என்பதற்கு எந்த விளக்கமும் வேண்டாம்: நியூகாசில் நிலக்கரி ஏற்றுமதி செய்த ஊர், திருநெல்வேலிக்கே அல்வாவா என்று நினைத்துக்கொண்டால் முடிந்தது.

ஆபத்து, பார்க்க ஒன்றுபோல இருந்து பொருள் மாறுகிறவற்றில் இருக்கிறது. நாம் காலை வாரினால் துரோகம், 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்றால் சும்மா கிண்டல். நமக்குக் கை நிறைந்தால் சம்பளம், அவர்களுக்குக் கை நிறைந்தால் தலைக்கு மேல் வேலை. வார்த்தையை மென்று விழுங்குவது நம்மிடம் தயக்கம், 'ஈட் ஒன்ஸ் வர்ட்ஸ்' என்றால் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வது. பல்லைக் காட்டுவது நம்மிடம் குழைவது, அவர்களிடம் மிரட்டுவது! விடைகளில் ஒன்று பெரும்பாலும் நேர்ப்பொருளாக இருக்கும், நம்மைப் போன்றவர்கள் அதில்தான் விழுவோம். இவற்றுக்கு நோட்டின் கடைசியில் தனியாக நாலு பக்கம் ஒதுக்கினேன். கதை இருக்கிற ஐடியம் என்றால் கதையோடு படியுங்கள். 'பரி த ஹேச்செட்' என்பது அமெரிக்கப் பழங்குடியினர் சமாதானத்துக்கு அடையாளமாகக் கைக்கோடரியை மண்ணில் புதைத்த வழக்கம். ஒருமுறை கேட்டால் மறக்காது.

வொக்காபுலரிக்கு தினம் ஐம்பது வார்த்தை என்று சபதம் எல்லாம் வேண்டாம். ஒன்வேர்ட் சப்ஸ்டிட்யூஷனை (ஒரு விளக்கத்துக்கு ஒரே சொல்) குடும்பம் குடும்பமாகப் படித்தால் போதும். 'சைட்' என்று முடிந்தால் கொலை: ரெஜிசைட் அரசனைக் கொல்வது, ஃப்ராட்ரிசைட் உடன்பிறந்தவனைக் கொல்வது. பழைய தாள்களில் வந்த சொற்களே மறுபடி மறுபடி வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள், நான் வைத்தேன். கமிட்டி என்று எழுதிப் பழகியதால் ஸ்பெல்லிங் கேள்வியில் எம் ஒன்றுதான் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். எம்மும் இரண்டு, டியும் இரண்டு, ஈயும் இரண்டு.

ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படி என்று எல்லோரும் சொல்வார்கள். தொடக்கத்தில் அது வேலைக்காகாது. என் மூன்று மாதத் தலையங்கங்கள் பழைய பேப்பர் கடைக்குத்தான் போயின. விளையாட்டுப் பக்கத்தையும் ஊர்ச் செய்திகளையும் படியுங்கள், நடந்தது ஏற்கெனவே தெரியும் என்பதால் வாக்கியம் புரியும். பத்தியில் விட்ட இடங்களை நிரப்பும் க்ளோஸ் டெஸ்டுக்கு அந்தப் பழக்கம் கைகொடுத்தது. சிஜிஎல் வினாத்தாள் ஆங்கிலம், இந்தி இரண்டில் மட்டும்தான் வரும், கணக்குக் கேள்வியையும் நீங்கள் ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும் என்பதையும் மனசில் வையுங்கள்.

ஆறு மாதம் போதுமா? எனக்கு வீணாய்ப் போனதையும் சேர்த்து எட்டு மாதம் ஆனது. இரண்டாம் தடவை 21 சரி, 2 தப்பு, 2 தொடவில்லை. 42-ல் 1 போக 41. டயர் 2-ல் ஆங்கிலம் 45 கேள்வி, 135 மார்க், ஒரு தப்புக்கு ஒரு மார்க் போகும். அங்கே தெரியாததைத் தொடாமல் விடுகிற பழக்கத்தை டயர் 1-க்குப் படிக்கும்போதே கொண்டுவந்துவிடுங்கள்.

ஆர்ட்டிகிள் பற்றித்தான் நான் உருப்படியாக எதுவும் சொல்லவில்லை. 'எ', 'த' இரண்டும் இல்லாமலே காலம் தள்ளிய மொழி நம்முடையது. இன்றும் ஆபீசில் ஃபைலில் நோட் எழுதும்போது ஒரு 'த' போட்டுவிட்டு, அழித்துவிட்டு, பக்கத்து சீட் அக்காவைத்தான் கேட்கிறேன்.