பிலிப்பைன்ஸ்காரர்கள் சம்பளத்தை எல்லாம் செலவழித்துவிடுவார்களா?

கேள்வி இதுதான்: வளைகுடாவில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் வாங்குகிற சம்பளத்தை அந்த மாதமே தின்று, உடுத்தி, பார்ட்டி வைத்துத் தீர்த்துவிடுவார்கள், கையில் பத்துக் காசு சேர்க்க மாட்டார்கள் என்று நம் ஆட்கள் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. துபாய் வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு பிலிப்பினோவோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்க மாட்டார்கள். நான் ஒரு கிளினிக்கில் கணக்குப் பார்க்கிறேன். நர்ஸ்கள், ரிசப்ஷன், லேப் என்று என்னைச் சுற்றி இருப்பவர்களில் பெரும்பாலானோர் பிலிப்பினோக்கள்தான். சம்பளம் ஏறிய அன்று வேலை முடிந்ததும் அவர்கள் போகிற முதல் இடம் மால் கிடையாது, பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச். முன்பெல்லாம் அங்கே வரிசையில் நிற்பார்கள், இப்போது பலர் மொபைலிலேயே அனுப்பிவிட்டு ஊருக்கு "வந்துவிட்டதா பார்" என்று மெசேஜ் போடுகிறார்கள். அந்தப் பணம் போன பிறகு மிஞ்சுவதில்தான் வாடகை, சாப்பாடு, சட்டை எல்லாம்.

நாட்டுக் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2024இல் வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பினோக்கள் வங்கிகள் வழியாக ஊருக்கு அனுப்பியது மட்டும் 3,400 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் இது எட்டு சதவீதத்தைத் தாண்டுகிறது. வீட்டு வேலை செய்கிற பெண், கப்பலில் எஞ்சின் துடைக்கிறவர், ஹோட்டலில் தட்டு எடுக்கிறவர், நர்ஸ் எல்லாரும் சேர்ந்து அனுப்பிய காசு அது. ஊதாரிகள் என்று பேர் வாங்கியவர்கள் இவ்வளவு அனுப்பியிருக்க முடியுமா?

இது எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1974இல் அப்போதைய அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டம்தான் ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசாங்கத்தின் வேலையாகவே ஆக்கியது. எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டட வேலை பெருகிய நேரம், பிலிப்பைன்ஸில் வேலையும் இல்லை, டாலரும் இல்லை. கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார்கள். ஐம்பது வருடம் ஆகிவிட்டது. 2021 கடைசியில் புலம்பெயர் தொழிலாளர்களுக்கென்று தனி அமைச்சகத்துக்கே சட்டம் போட்டார்கள்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது, இது நம் ஆட்களுக்குத் தெரியவே தெரியாது. 1982இல் அதே மார்கோஸ் ஓர் ஆணை போட்டார்: வெளிநாட்டில் இருப்பவர்கள் சம்பளத்தில் பாதியிலிருந்து எண்பது சதவீதம் வரை, வேலையைப் பொறுத்து, வங்கி வழியாக ஊருக்கு அனுப்பியே ஆகவேண்டும், இல்லையென்றால் பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தர மாட்டோம் என்று. ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்த பெண்கள் கூடி எதிர்த்தார்கள், சங்கங்கள் ஒன்றுசேர்ந்தன, 1985இல் அந்தத் தண்டனைகளை நீக்கவேண்டியதாயிற்று. நாங்கள் அனுப்ப மாட்டோம் என்பதற்காக அவர்கள் போராடவில்லை. எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு, எப்போது, எப்படி அனுப்புவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் போராடினார்கள். தண்டனை போன பிறகும் பணம் நிற்கவில்லையே, பெரும்பாலான வருடங்களில் கூடிக்கொண்டுதானே போகிறது.

சரி, பணத்தை விடுங்கள், பெட்டிக்கு வருகிறேன். எங்கள் சீனியர் நர்ஸை எல்லாரும் ஆத்தே என்று கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அக்கா. அவர் துபாயின் சத்வா பகுதியில் ஓர் அறையில் பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு, எடுத்திருக்கிறார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் இடுப்பளவு உயர அட்டைப்பெட்டி ஒன்று எந்நேரமும் வாயைத் திறந்தபடி நிற்கும். ஊருக்கு அனுப்பும் இதைப் பாலிக்பாயன் பெட்டி என்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஆஃபர் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக அதற்குள் போகும்: கார்ன்ட் பீஃப் டின், பால் பவுடர், ஷாம்பு, லோஷன், பற்பசை, குளியல் துண்டு. மகனுக்கு வாங்கிய ஷூவுக்குள் சாக்ஸ், அந்த சாக்ஸுக்குள் சாக்லேட். கடல் கார்கோவில் பெட்டியின் அளவுக்குத்தான் காசு, கிலோவுக்கு இல்லை, அதனால் விரல் நுழைகிற இடத்தைக்கூடச் சும்மா விட மாட்டார்கள். நிரம்பிய பிறகு அறைத்தோழிகள் இரண்டு பேர் மூடி மேல் ஏறி உட்கார, ஆத்தே பிரவுன் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார், அப்புறம் மார்க்கரால் எல்லாப் பக்கமும் பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதுவார். உள்ளே ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு: இது அம்மாவுக்கு, இது தம்பி பொண்டாட்டிக்கு, இது பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு, இது ஞானப்பிள்ளைக்கு. அவர்கள் கத்தோலிக்கர்கள், ஞானஸ்நானத்தில் தாங்கள் பொறுப்பேற்ற பிள்ளைகளைத்தான் ஞானப்பிள்ளைகள் என்பது, ஒருவருக்கு ஏழெட்டுப் பேர் இருப்பது சாதாரணம். கிறிஸ்துமஸுக்கு அத்தனை பேருக்கும் ஏதாவது தரவேண்டும்.

மாலில் ஒரு பிலிப்பினா மூன்று பை நிறையச் சாமான் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து "எப்படிச் செலவு பண்ணுது பார்" என்று நம்மவர் சொல்வாரே, அந்தப் பை போகிற இடம் பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். அந்தப் பெட்டி மேல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அரசாங்கமே பார்த்துவிட்டது. 2015இல் சுங்கத்துறை பெட்டிகளைத் திறந்து சோதிக்கப்போகிறது என்று செய்தி வந்ததும் உலகம் முழுக்க இருந்த பிலிப்பினோக்கள் கொதித்துவிட்டார்கள். அப்போதைய அதிபர் பெனிக்னோ அகினோ தலையிட்டு, இஷ்டத்துக்குத் திறந்து பார்க்கக்கூடாது என்று சொல்லவேண்டி வந்தது. அடுத்த வருடமே சட்டத்தைத் திருத்தி, ஒன்றரை லட்சம் பெசோ மதிப்பு வரை வரி இல்லாமல், வருடத்துக்கு மூன்று முறை அனுப்பலாம் என்று ஆக்கினார்கள்.

சேமிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பலுவாகன் என்று ஒன்று இருக்கிறது, நம் குலுக்கல் சீட்டேதான். பத்துப் பேர் ஆளுக்கு ஐந்நூறு திர்ஹாம் போட்டால் மாதம் ஒருவர் ஐயாயிரம் எடுப்பார். ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, நடத்துகிறவர் கமிஷனும் பெரும்பாலும் எடுப்பதில்லை. எங்கள் கிளினிக்கில் நடப்பதில் யாருக்கு எந்த மாதம் என்பதை உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும், அதனால் பிள்ளை இருப்பவர்களுக்கு மே மாதம். வீட்டுக்குக் கூரை போடுகிறவருக்கு மழைக்காலத்துக்கு முன்னால். கல்யாணம் ஆகாத பையன்கள் கடைசியில் எடுத்துக்கொள்வார்கள். எழுத்து ஒன்றும் இல்லை, ஆளை நம்பித்தான் எல்லாம். சீட்டை விழுங்கிவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு, நம்மிடமும் உண்டு.

பார்ட்டி விஷயத்துக்கு வருவோம். பிறந்தநாள் என்றால் கிளினிக்கே மணக்கும், அது உண்மைதான். அலுமினியத் தட்டில் பான்சிட் நூடுல்ஸ் வரும், நூடுல்ஸ் நீளமாக இருந்தால் ஆயுசும் நீளம் என்று ஒரு நம்பிக்கை. லும்பியா என்கிற சின்னச் சின்ன ரோல் வரும், புளி போட்ட சினிகாங் சூப் வரும். நம் நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும். ஆனால் எல்லாமே பகிர்ந்த சமையலறையில் ராத்திரி உட்கார்ந்து செய்தது, ஆளுக்கு ஒரு பண்டம் என்று பேசி வைத்துச் செய்தது. நம் ஆட்கள் வெள்ளிக்கிழமை நாலு பேர் ஹோட்டலில் பிரியாணி சாப்பிடுகிற காசில் அவர்கள் இருபது பேருக்கு விருந்து வைத்துவிடுவார்கள். கடன் வாங்கிக் கொண்டாடுகிற ஆட்கள் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அப்படிப்பட்டவர்கள் எந்த ஊரில் இல்லை?

அவர்கள் இப்படிக் கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஹாங்காங்கில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் முதலாளி வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது விதி, வாரம் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரின் நட்டநடு வணிகப் பகுதியான சென்ட்ரலில், வண்டிகள் விடாமல் அடைத்த சேட்டர் ரோட்டில், அட்டையை விரித்துப் போட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு பகிர்வார்கள், நகம் வெட்டிவிடுவார்கள், நடனம் பழகுவார்கள், ஊருக்கு அனுப்பப் பெட்டி கட்டுவார்கள். வேறு எங்கே போவார்கள்? தங்களுக்கென்று ஓர் அறைகூடக் கிடையாதே. துபாயில் அவ்வளவு நெருக்கடி இல்லை என்றாலும், திரை போட்டுப் பிரித்த அறையில் கட்டில் மேல் கட்டிலில் படுக்கிறவருக்கு, பிறந்தநாளும் சர்ச்சும் இல்லையென்றால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காது.

கிறிஸ்துமஸை அவர்கள் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவார்கள், கேட்டால் சிரிப்பு வரும், கூட இருந்தால் பழகிவிடும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் ஊரில் விடியற்காலைப் பூசை நடக்கும், இங்கே வேலை இருப்பதால் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். 24ஆம் தேதி துபாயில் ராத்திரி எட்டு மணி என்றால் மணிலாவில் நள்ளிரவு. அந்த நேரத்துக்கு டியூட்டி விழுந்தவர்கள் பிரேக்கை எட்டு மணிக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு மாதம் முன்பே கெஞ்ச ஆரம்பிப்பார்கள். ஊரில் சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்திருப்பார்கள், இங்கிருப்பவர் அந்தப் பந்தியில் ஓர் ஆளாக உட்கார்ந்திருப்பார். உங்கள் கையில் ரோஸ்டர் இருந்தால் தயவுசெய்து அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுங்கள்.

பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் பாட்டியோ சித்தியோ வளர்க்கிறார்கள். எங்கள் லேப் டெக்னீஷியன் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார், அங்கே அப்போது மாலை ஐந்து மணி, பள்ளி விட்டு வந்திருப்பாள். நோட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டச் சொல்லி, ஒரு கையில் சோறு, ஒரு கையில் பேனாவோடு, கீழே உள்ள எண்ணைப் பார் கீழே உள்ள எண்ணைப் பார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பெண்ணின் பள்ளிக் கட்டணம் போக அவர் பேரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், அதிகம் இருக்காது.

என் முடிவு இதுதான்: அவர்கள் சேர்க்கிறார்கள், தங்கள் பேரில் சேர்ப்பதில்லை. நம் ஆட்கள் பவுனாகவும் மனையாகவும் சேர்க்கிறார்கள், இவர்கள் தங்கையின் நர்சிங் படிப்பாகவும் தம்பியின் கப்பல் பயிற்சியாகவும் சேர்க்கிறார்கள். படித்து முடித்த தங்கை அடுத்து வெளிநாடு போவாள், அவள் அடுத்தவரைப் படிக்கவைப்பாள். வீடும் கட்டுகிறார்கள். பாதங்காஸ் மாகாணத்தில் மபினி என்ற ஊரில், இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போனவர்கள் இத்தாலிய பாணியிலேயே மாடி வீடுகளாகக் கட்டி, ஒரு பகுதிக்குச் சின்ன இத்தாலி என்றே பேர் வந்துவிட்டது.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடமும் உண்டு. 1988இல் அதிபர் கொரசோன் அகினோ ஹாங்காங்கில் இவர்களைப் புதிய வீரர்கள் என்று அழைத்தார், அதிலிருந்து ஒவ்வோர் அரசாங்கமும் அதையே சொல்கிறது. வீரர் என்று பேர் வைத்துவிட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது. அண்ணன் மகனுக்கு மோட்டார் சைக்கிள், மாமாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாவற்றுக்கும் ஒரு போன் போதும். ஆத்தே போன்றவர்கள் இங்கே வங்கியில் தனிநபர் கடன் எடுத்து அனுப்பிவிட்டு, ஐந்தாறு வருடம் அதைக் கட்டுகிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் முதுகுவலியோடு ஊர் திரும்பும்போது, யாரைப் படிக்கவைத்தார்களோ அவர்கள் கையை எதிர்பார்க்கவேண்டிய நிலை.

2019இல் கையெழுத்தான சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டில் வேலை செய்பவர்களும் அவர்கள் நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிதியான எஸ்.எஸ்.எஸ்.ஸில் கட்டாயம் சேரவேண்டும், ஓய்வூதியம் அதிலிருந்துதான் வரும். கட்டாயம் என்றாலும் மாதக் கடைசியில் விட்டுப்போவது இதுதான். எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற அன்று முதலில் அதைக் கட்டு, அப்புறம் வீட்டுக்கு அனுப்பு என்று ஆத்தேவிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் கட்ட ஆரம்பித்திருக்கிறார்.